கோடு போட்ட கல்

வல்லக்கோட்டைக்கு முன்னால் எங்கள் பஸ்ஸின் டயர் வெடித்து நிற்கிறது. சாலையோரக் கல்குவாரியில் ஒரு பெண் ஜல்லி உடைத்துக்கொண்டிருக்கிறாள். கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய கற்களை மட்டும் உடைக்காமல் தன் குடிசைச் சுவரோரம் அடுக்குகிறாள். கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான்; கேட்காமல் இருக்க முடியவில்லை.

“கோடு போட்ட கல்லு தட்டையா பொளந்துக்கும் சார், ஜல்லிக்கு ஆவாது. வூட்டுக்குத் தரை போட சேத்துகினு கீறேன். எங்க வூட்டுக்காரரு பம்பாய்லேர்ந்து வந்துதான் போடணும்.”

“போய் எவ்வளவு நாளாச்சும்மா?”

“நாலு வருசம். இப்ப லெட்டரும் வர்றதில்ல.”

நான் பாடத்துக்குத் தாவுகிறேன். இது ஆதியில் வேறு கல் என்கிறேன். பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, ஆனாலும் உருகிவிடாமல் உருமாறிய கல். அந்த நசுக்கலில் விழுந்தவைதான் இந்த வரிகள்.

“அதுக்கு எத்தினி நாளு ஆவும் சார்?”

“கோடிக்கணக்கான வருஷம்.”

சுத்தியல் நிற்கிறது. அவள் முகம் தெளிகிறது.

“அப்ப நாலு வருசம் இன்னா பெரிசு?”

இன்னொரு வரிக்கல்லை எடுத்து அடுக்கின்மேல் வைக்கிறாள். அந்த அடுக்கு மூன்று வீட்டுத் தரைக்குக் காணும்.