நடுவிரலுக்குப் போன ஆள்காட்டி விரல்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கார் கம்பெனியில் எனக்குத் தடவிப் பார்க்கிற வேலை. பெயிண்ட் அடித்த கதவைத் தடவி, கண்ணுக்குத் தெரியாத நசுங்கலைக் கண்டுபிடிக்க வேண்டும். பதினான்கு வருஷம் தகரத்தோடு புழங்கியும் ஒரு கீறல் விழாத கையை, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அருவாமனையில் கொடுத்தேன். அவள் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்பவள். "தொடாத" என்று அவள் சொன்னதாலேயே வஞ்சிரம் வெட்டிக் காட்ட உட்கார்ந்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்தார்கள். மாதங்கள் கழித்து உணர்ச்சி வந்தது, இடம் மாறி. ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் தெரிந்தது.

"மூளைக்குள்ள உங்க உடம்புக்கு ஒரு மேப் இருக்கு சார்" என்றார் அங்கே கைக்குப் பயிற்சி கொடுத்த பெண். "அது குழம்பியிருக்கு. கண்ணை மூடிக்கிட்டு எதையாவது தொட்டுக் கண்டுபிடிங்க. தினமும் செஞ்சா கொஞ்சம் கொஞ்சமா மூளையே திருத்திக்கும்."

விரல் சரியாகாவிட்டால் கம்பெனி வாசல் கேட்டில் டோக்கன் கொடுக்க உட்காரலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில் தூக்கமே வரவில்லை.

வீட்டில் எதையாவது என்றால் மீன்தான். கண்ணை மூடிக்கொண்டு சங்கரா, கவளை, நெத்திலி என்று பத்துக்குப் பத்து சொன்னேன். ஒரு வாரத்தில் மூளையைத் திருத்திய பெருமையில் மீசையை முறுக்கினேன்.

மனைவி என்னையே பார்த்தாள். "யோவ், தொடறதுக்கு முன்னாடி மூக்கு இன்னாத்துக்கு ஆடுது?"

துணிக் கிளிப்பை எடுத்து என் மூக்கில் மாட்டினாள். பத்துக்கு ஒன்று. அதுவும் குத்துமதிப்பு. அதுவரை தேறியது மூக்குதான்.

அன்றிலிருந்து தினமும் கிளிப். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். இரண்டாம் மாதம் ஒரு சங்கராவை வாலிலிருந்து தலைக்குத் தடவியபோது செதில் செதிலாக விரலில் தெரிந்தது. அழுதுவிட்டேன். கிளிப்போடு அழுவது சிரமம்.

கம்பெனியில் சோதனைக்கு ஒரு கதவை வைத்தார்கள். பழக்கத்தில் கண்ணை மூடினேன்.

"அண்ணாத்த, சாமி அப்புறம் கும்பிடலாம்" என்றார் சூப்பர்வைசர்.

தடவினேன். நடுவிரலில் ஒரு பள்ளம் தெரிந்தது. ஆள்காட்டி விரலுக்குக் கீழே சாக்பீஸால் வட்டம் போட்டேன். சரியாக அங்கேதான் இருந்தது. வேலை தங்கியது. மேப் இன்னும் முழுதாகத் திருந்தவில்லை என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

மனைவியிடம் சொன்னேன். ஆள்காட்டி விரலை நறுக்கென்று கிள்ளினாள்.

"எங்க தெரியுது?"

"நடுவிரல்ல."

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அது போதும்யா" என்றவள், என் கையை விடாமல் தேம்பினாள். இத்தனை மாதம் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு, என் கை வெட்டுப்பட்ட அன்றைக்குப் பரணில் எறிந்த அருவாமனையை இறக்கிக் கழுவினாள். என்னைப் பத்தடி தள்ளி உட்காரச் சொன்னாள்.