மூடாத மூன்றாவது கம்பெனி

ஜெபமலர் இரண்டு கம்பெனிகளை மூடியவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்வதில்லை. பரீட்சையில் தேறியவர் மார்க்கைச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர். கல்லூரியில் படிக்கும்போதே, பொன்முடி மலை பார்க்க வருகிறவர்களுக்கு அடிவாரத்து வித்துராவில் தங்க அறை பிடித்துக்கொடுக்கும் இணையதளம் ஒன்றைத் தொடங்கினார். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து மலைச்சாலை அடைபட்டது. அறை கேட்க ஆளில்லை. அடுத்து ஹோட்டல் தள்ளுபடிக் கூப்பன். கூப்பனை நீட்டியவர்களுக்கு ஹோட்டல்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பரிமாறினார்கள். சாப்பிட்டவர்கள் திட்டியது ஜெபமலரை. அதையும் மூடிவிட்டு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் விளம்பர வேலைக்குச் சேர்ந்தார். நல்ல பெயர் எடுத்தார், ராஜினாமா செய்தார். மலையாள நாட்டுத் தலைநகரில், சாலை பஜாரில் பாத்திரக்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தார். சிறு வியாபாரிகளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்து தரும் மூன்றாவது கம்பெனி அங்கேதான் பிறந்தது.

முதல் ஆண்டு முடிகையில் அவரிடம் இருந்த பெரிய வாடிக்கையாளர் ஒரே ஒருவர். வலியசாலை நாகேஸ்வரன், கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்திக்குச் சமைத்துக்கொடுப்பவர். நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் தன்னைத் தேடி வரவேண்டும் என்றார். அது நடக்காவிட்டால் அவர் விலகிவிடுவார். கம்பெனியும் அதோடு முடிந்துவிடும். பழைய நிறுவனம் வேறு திரும்பக் கூப்பிட்டது. மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும்.

ஜெபமலர் அழகான தமிழில் விளம்பரம் எழுதி, நகரத்துக்குள் மட்டும் தெரியும்படி போட்டார். அழைப்புகள் வந்தன. நாகேஸ்வரன் மாடியேறி வந்தார்.

“தென்காசிக்கு அடைப் பிரதமன் கொண்டு தருவேளான்னு ஒருத்தர் கேக்கறார். நான் என்ன ரயில்வேயா?”

கூப்பிட்டவர்களெல்லாம் கோயிலுக்கு வந்து தங்கியபோது விளம்பரத்தைப் பார்த்த வெளியூர்க்காரர்கள். உள்ளூரிலிருந்து ஒருவர்கூட இல்லை.

கணினியை மூடிவிட்டு ஜெபமலர் வலியசாலை அக்ரகாரத்துக்கு நடந்தார். கல்யாணம் நிச்சயமான பெண் யார் என்று விசாரித்து, அனுஷா என்ற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஃபோனில் விளம்பரத்தைக் காட்டினார்.

“ஆத்துல தமிழ்தான் பேசுவோம் சேச்சி. வாயிக்க அறியாது. ஸ்கூல்ல மலையாளமல்லே?” என்றாள் அனுஷா.

இவர்களுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது ஜெபமலருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தோட்டத்துப் பள்ளியில் தமிழில் படித்தவர். தமிழ் பேசுகிற எல்லாரும் தன்னைப்போலவே வாசிப்பார்கள் என்று எண்ணிவிட்டார். விளம்பரத்தை அங்கேயே உரக்க வாசித்தார். ரசவாங்கி என்ற கூட்டின் பெயர் வந்ததும் அனுஷாவின் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

மலையாளத்தில் போட்டால் பத்தோடு பதினொன்றாகிவிடும். எழுத்தே வேண்டாம், குரல் போதும் என்று ஜெபமலர் முடிவு செய்தார். நாகேஸ்வரனின் மனைவி வாலாம்பாளைச் சமையல்கட்டிலேயே நிறுத்தி, அடுத்த வீட்டாரிடம் சொல்வதுபோலச் சொல்லவைத்துப் பதிவு செய்தார். திரையில் ஒரு வாழையிலை. பின்னால் கடுகு வெடிக்கிறது. “விசேஷம் உங்காத்துல, அடுப்பு எங்காத்துல. வரவாளோட நீங்க நிம்மதியா பேசிண்டிருங்கோ.”

கல்யாணமான நாள் முதல் தான் கேட்டுவரும் குரலுக்கு விளம்பரச் செலவு வேறா என்று நாகேஸ்வரன் முனகினார்.

நகரத்துக்குள்ளேயே, கரமனையிலிருந்தும் கோட்டையிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கின. அனுஷாவின் கல்யாணச் சமையலும் அவருக்கே கிடைத்தது. மாதம் முடியுமுன் மறுபடியும் மாடியேறி வந்தார்.

“எல்லாரும் மாமி இருக்காளான்னுதான் கேக்கறா. என்னை ஒருத்தரும் கேக்கலை. அடுத்த வருஷமும் இதையே போடும்மா.”

அன்று மாலையே ஜெபமலர் பழைய நிறுவனத்தைக் கூப்பிட்டு, அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.

இப்போது குரல் விளம்பரத்துக்கென்றே நான்காவது கம்பெனி நடக்கிறது. சாலை பஜார் துணிக்கடைகளுக்கு நெல்லைப் பேச்சு, அக்ரகாரத்துக்கு அக்ரகாரப் பேச்சு. தோட்டத்தில் கூட்டாளிகள் அவருடைய அப்பாவைச் சீண்டுவது மட்டும் நிற்கவில்லை. நாலாவதை எப்போது மூடப்போகிறாள் என்று கேட்கிறார்கள்.

“மூணாவதே இன்னும் மூடல. பெறகு நாலாவது எப்படிவே மூடும்?” என்கிறார் அப்பா.