வேனில் தொங்கிய மாலை

இன்று காலை பால் வாங்கப் போனேன். மதுரை கே.கே. நகர் முக்கில் பத்துப் பதினைந்து பையன்கள் சைக்கிளோடு நிற்கிறார்கள். உடம்போடு ஒட்டின சட்டை, தலையில் ஹெல்மெட். பின்னால் ஒரு வேன், அதில் தூத்துக்குடி போவதாக பேனர். சரி, நல்லபடியாப் போய்ட்டு வாங்கப்பா என்று நகர்ந்திருப்பேன். பக்கத்துப் பூக்கடையில் அந்த நேரம் பார்த்து மரிக்கொழுந்துக் கட்டைப் பிரித்துத் தண்ணி தெளித்தார்கள். பால் பாக்கெட்டோடு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

மரிக்கொழுந்து வாசம் என்றால் உங்களுக்குக் கோயில் ஞாபகம் வரும். எனக்கு ஒரு பழைய ஆம்னி வேன்தான்.

கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்த காலம். நானும் பாண்டியும் பக்கத்துப் பக்கத்து மெஷின். நாங்களும் இன்னும் இரண்டு பேருமாக வருஷத்துக்கு ஒரு தரம் சைக்கிளில் கடல் பார்க்கக் கிளம்புவோம். மதுரைக்காரனுக்குக் கடல் என்றால் சொல்லவா வேணும், வைகையிலேயே தண்ணி பார்த்து நாளாச்சு. தண்ணிக் கேன், பஞ்சர் சாமான், எலுமிச்சம்பழச் சோறு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சுந்தரம் அண்ணன் வேனில் வருவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மனுஷன். லீவு நாளில் எங்களை மேய்ப்பார். கடைசியாக வருகிறவனுக்குப் பின்னால்தான் வேன் வரணும், அதுதான் சட்டம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கிளம்பும்போது மாட்டுத்தாவணியில் ஒரு மாலை வாங்கி வேனுக்குள் தொங்கவிடுவோம். செவ்வந்தி, நடுநடுவே மரிக்கொழுந்து. முடியாமல் வேனில் ஏறுகிறவன் எவனோ, அவன் கழுத்துக்கு அது. அடுத்த டீக்கடையில் அவனை இறக்கி, மாலை போட்டு, கேனில் தாளம் தட்டி, போட்டோ எடுத்து, வருஷம் பூராவும் ஓட்டுவோம். ஒரு வருஷம் அந்த மரியாதை அடியேனுக்குத்தான் கிடைத்தது. கடலையாவது பார்த்தேனா? மானாமதுரையையே தாண்டவில்லை. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் பாண்டி. பட்டறையில் நான் டீ குடிக்க எழுந்தால்கூட, "மாப்ள, வேன் சொல்லவா?" என்பான்.

அதற்கு அடுத்த வருஷம் அவனுக்குத் தூத்துக்குடியில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெயர் செல்வி. சைக்கிளிலேயே வந்து இறங்குவேன் என்று போனில் அவளிடம் பீற்றிவிட்டான். மாலை விஷயத்தையும் சொல்லிச் சிரித்திருக்கிறான். பெண் வீட்டார் ஊர் எல்லையில் இளநீரோடு நிற்பதாக ஏற்பாடு. அவன் எப்படி வேனில் போய் இறங்குவான், நீங்களே சொல்லுங்கள்.

முதல் நாள் ராமநாதபுரம் வரை பிரச்சினையில்லை. மறுநாள்தான் கடலோர ரோடு. சினிமாவில் வருகிற மாதிரி நினைத்துவிடாதீர்கள். பாதி ரோட்டை மணல் தின்றிருக்கும், மீதி குண்டும் குழியும். இரண்டு பக்கமும் கருவேல முள், அதைத் தாண்டினால் உப்பளம். நிழல் என்று பேருக்கு ஒரு பனை. எதிரே கச்சான் காற்று, நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. வேம்பார் தாண்டியதும் பாண்டி பின்தங்கினான். வாந்தி எடுத்திருக்கிறான். வேர்ப்பதும் நின்றுவிட்டது என்று அண்ணன் அப்புறம் சொன்னார். அது என்ன அறிகுறி என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

"ஏறுடா, மூஞ்சியே சரியில்ல" என்றிருக்கிறார் அண்ணன்.

"போங்கண்ணே. நீங்க பின்னாடியே உருட்டிக்கிட்டு வந்தா என் மானம் போயிரும். முன்னாடி போயி டீ சொல்லுங்க, வாரேன்."

அம்புட்டுக் கெஞ்சினானாம். கல்யாணம் ஆகப்போகிற பையன் ஆசைப்படுகிறானே என்று அண்ணனும் வேனை முன்னால் விட்டுவிட்டார்.

டீக்கடையில் நாங்கள் வேனில் தொங்கிய மாலைக்குத் தண்ணி தெளித்துத் தயாராக வைத்திருந்தோம். இன்னைக்கு மாட்டுனான்டா என்று ஒரே சிரிப்பு. டீ ஆறியது. அவன் வரவில்லை. அண்ணன் வேனைத் திருப்ப, நானும் ஏறிக்கொண்டேன்.

சைக்கிள் ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றது. அவன் உப்பளக் கரையில் கிடந்தான். உப்பு வாருகிற பொம்பளைகள் இரண்டு பேர் பனை ஓலையை நிழலுக்குப் பிடித்து, தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "எய்யா, ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்கி, சீக்கிரம் தூக்குங்க" என்று ஒருத்தி அலறினாள். தூக்கி வேனில் போட்டோம். தலை என் மடியில். அவன் முகத்துக்கு மேலே மாலை ஆடிக்கொண்டே வந்தது. அதைக் கழற்றி எறியக்கூட எங்களுக்குத் தோணவில்லை.

தூத்துக்குடி எல்லையில் அவர்கள் நின்றார்கள். அண்ணன் ஹாரனை அழுத்தியபடி நிற்காமல் போகத்தான் பார்த்தார். மதுரை வேன் என்று தெரிந்து, பெண்ணின் அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். பிரேக் போடத்தான் வேண்டியிருந்தது. செல்வி ஓடி வந்தாள். ஜன்னல் வழியே அவள் கண்ணில் முதலில் பட்டது மாலை.

"ஏறிட்டீங்களாக்கும்!" என்று கைதட்டிச் சிரித்தாள்.

விளையாட்டுக்குக் கண்ணை மூடிக் கிடக்கிறான் என்று நினைத்து, உள்ளே கையை விட்டு அவன் தோளைத் தட்டினாள். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள். அதற்கப்புறம் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஆஸ்பத்திரியில் வெயில் தாக்கியிருக்கிறது என்று ஐஸ் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். பொழுது இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு மாலைக்குப் பயந்து எவனாவது சாவானா என்று ஊரில் கேட்டார்கள். செத்துப்போனானே, பாவிப் பய.

ஆம்னியை அண்ணன் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அந்த ரோடும் அகலமாகிவிட்டது, டீக்கடை எங்கே இருந்ததென்றே தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் மதுரையில்தான் இருக்கிறோம். பார்த்தால் "வாங்க", "நல்லாருக்கீங்களா" என்று மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். ஒருத்தனை ஒருத்தன் ஓட்டுவதே இல்லை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்துப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. கூட வந்திருந்த எங்களில் ஒருத்தன், "பார்த்து வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். பாண்டி இருந்திருந்தால், "மாப்ள, வேன் சொல்லவா?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தியிருப்பான். நான் கொஞ்ச நேரம் அதற்காகத்தான் படியில் நின்றேன்.