மஞ்சள் ஸ்டிக்கர்

அந்தக் காரைக் கண்டாலே மார்வா ஹாலிஸுக்கு வயிறு எரியும். எதிர்வீட்டு அர்மாண்டோ கெசாடாவின், பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் பழைய ஹைப்ரிட் அது. பின்பக்க மூலையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நெடுஞ்சாலையில் காருக்குள் இரண்டு பேர் இருந்தால் மட்டுமே போகக்கூடிய இடதுபுறத் தடத்தில், அந்த ஸ்டிக்கர் இருந்தால் ஒற்றை ஆளாகவே பறக்கலாம்.

இருவருக்கும் வேலை வான் நைஸில், ஒரே மருத்துவமனையில். இவள் ரத்தம் எடுப்பவள், அவன் டயாலிசிஸ் பிரிவில். வீடு இருக்கும் பாம்டேலிலிருந்து இவள் விடிகாலை நாலே முக்காலுக்குக் கிளம்புவாள். அவன் ஐந்தே காலுக்கு. மலையிறக்கத்தில் இவள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் வந்து கையசைத்துவிட்டு மறைவான். அந்தக் கையசைப்புதான் இவளுக்குத் தாங்காது. அவன் கார் வாங்கிய வாரம் இவளும் அதே காரைப் பார்த்துவிட்டு, "டப்பா மாதிரி இருக்கு" என்று பெரிய வண்டி வாங்கி வந்தவள். பிறகு மனம் மாறியபோது அரசு எண்ணிக் கொடுத்த ஸ்டிக்கர்கள் தீர்ந்துவிட்டிருந்தன.

"என்கூட வாயேன், மார்வா" என்று ஒருமுறை கூப்பிட்டான்.

"எங்கிட்டயும் வண்டி இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாங்கிய ஆறாவது வருடம் பிப்ரவரியில் அந்தக் காரின் பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஜூலை ஒன்றாம் தேதியோடு ஸ்டிக்கர் சலுகையும் முடிகிறது. செலவழித்துச் சரிசெய்வதா, மாற்றிவிடுவதா என்று அர்மாண்டோ குழம்பினான். மார்வாவின் கணவன் கிளைட் பள்ளிப் பேருந்து மெக்கானிக். ஞாயிறன்று பிரித்துப் பார்த்தான்.

"பேட்டரில மூணு செல்லுதான் போயிருக்கு. மாத்துனா இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். நான் அவசரமா வெளிய கிளம்பணும், நீ அவன்கிட்டச் சொல்லிடு" என்றான் மார்வாவிடம்.

தெருவைத் தாண்டப் பத்து அடிதான். அந்தப் பத்து அடிக்குள் அவள் வாயில் வேறு வார்த்தை ஊறிவிட்டது.

"தேறாதாம், மாண்டோ. இப்பவே தள்ளிவிட்டுரு. ஜூலைக்கு அப்புறம் நாய்கூட சீண்டாது."

"கிளைடே சொல்லிட்டானா? சரி, அப்ப விடு." காரின் கூரையை ஒருமுறை தடவினான். அவன் மகள் ஓட்டப் பழகிய கார் அது.

அடுத்த வாரம் சாம்பல் நிறப் புதுக் கார் வந்தது. ஸ்டிக்கர் இல்லை; இனி அவனும் நாலே முக்காலுக்கே கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை மலையிறக்கத்தில் தனக்கு மூன்று வண்டி பின்னால் அவன் ஊர்வதைக் கண்ணாடியில் பார்த்த மார்வா, வேலைக்குப் போய்ச் சேரும்வரை பாடிக்கொண்டே போனாள்.

மூன்று வாரம் அந்தச் சந்தோஷம் நீடித்தது. ஒரு சனிக்கிழமை கிளைட் அர்மாண்டோவிடம், "என்னப்பா, மூணு செல்லுக்காகவா காரையே வித்த?" என்று கேட்டுவிட்டான்.

மறுநாள் மார்வா குப்பைத் தொட்டியை இழுத்துவரும்போது அர்மாண்டோ எதிரே நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"ஸ்டிக்கருக்கு நாலு மாசந்தான் மிச்சம் இருந்துச்சு. அதுகூடவா உனக்குப் பொறுக்கல?"

அவள் தொட்டியின் பிடியையே பார்த்தாள்.

"நாளைக்கு அஞ்சே காலுக்கு என் வாசல்ல நில்லு. ரெண்டு பேராப் போனா இடது பக்கம் போகலாம். உன்னால வித்தேன், என்கூட உக்காந்து வர்றது உன் பொறுப்பு. பாட்டு நான் வைக்கிறதுதான்."

போனாள். அவன் அக்கார்டியன் பாட்டை அலறவிட்டான். வலப்புறம் நூற்றுக்கணக்கான கார்கள் அசையாமல் நிற்க, அவர்கள் கடந்து போனார்கள். அங்கிருந்து ஒருத்தி எரிச்சலோடு தங்களைப் பார்ப்பதை மார்வா பார்த்தாள். அந்த முகம் தன்னுடையது போலவே இருந்தது.

மன்னிப்புக் கேட்க அவளுக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. சில்மார் அருகே, பாட்டைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

"பொறாமைலதான் அப்படிச் சொன்னேன், மாண்டோ."

"தெரியாதா எனக்கு? ஆறு வருஷமா கை காட்டுறேன், ஒரு நாளாவது நீ திருப்பிக் காட்டுனியா?"

ஜூலை ஒன்றாம் தேதி மஞ்சள் ஸ்டிக்கர் கார்களெல்லாம் வலப்புறம் ஒதுங்கின. மார்வாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. இரண்டு வருடம், அவன் லங்காஸ்டர் மருத்துவமனைக்கு மாறிப் போகும்வரை, அவர்கள் ஒன்றாகவே போனார்கள்.