ஊக்கால் அழுத்திய பொத்தான்

அக்கா மகனுக்குக் கருமாதி முடிந்த பிறகுதான் நான் பாகூருக்கு வந்து சேர்ந்தேன். கிருமாம்பாக்கம் தாண்டி, கடலூர் ரோட்டில் பைக் விபத்தில் போனவன். சேதி வந்தபோது கர்நாடகாவில் இன்டர்நெட் கேபிளுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊர் ஊராகக் கேபிள் இழுத்து, பெட்டி மாட்டுகிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் தொழில்.

வீட்டில் அழுது ஓய்ந்திருந்தார்கள். அக்கா சோறு போட்டாள். அவள் மகள் போனோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, வைஃபை இருக்குதுன்னு காட்டுது. ஆனா ஒண்ணுமே தெறக்கல. கிளாஸ் எல்லாம் போவுது."

அரசு வேலைப் பரீட்சைக்கு அவள் போனில்தான் படிக்கிறாள். அந்த வீட்டுக்குள் டவர் எடுக்காது. வைஃபை இல்லையென்றால் படிப்பு இல்லை.

சுவரிலிருந்த ரவுட்டரில் விளக்குகள் பச்சையாகத்தான் எரிந்தன. வெளியிலிருந்து வரும் ஒயரை என் பழைய லேப்டாப்பில் நேராகச் செருகினேன். பக்கங்கள் திறந்தன. லைனில் கோளாறு இல்லை. ரவுட்டர் வழியாகப் போனால், இடையில் நிற்கும் ப்ராக்ஸி பதில் தரவில்லை என்று வந்தது.

"இது எல்லாத்தையும் வேற ஒரு பெட்டி வழியா அனுப்புது. அந்தப் பெட்டி எங்க?"

"சோப்பு டப்பா மாதிரி ஒண்ணு மேசமேல இருந்திச்சி. வெளம்பரம் வராம அதுதான் தடுக்குதுன்னு அண்ணன் சொல்லும்" என்றாள் மகள்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவன் பொழங்கனதெல்லாம் கருமாதி அன்னிக்கிக் குடுத்துட்டோம்டா. துணி, செருப்பு, பாயி. மேசமேல இருந்ததையும் சேத்துதான் மூட்ட கட்டனாங்க."

அப்படிக் கொடுத்ததை எங்கள் பக்கம் திரும்பக் கேட்க மாட்டார்கள். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரவுட்டர் மட்டும் சுவரில் திருகியிருந்ததால் தப்பியிருந்தது.

அந்த ஏற்பாட்டை நீக்க ரவுட்டரின் செட்டிங்குக்குள் போக வேண்டும். அதன் பாஸ்வேர்டை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிறந்த தேதி, பைக் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தோம். எதுவும் இல்லை.

"ரீசெட் பண்ணாதான் உண்டு. பண்ணா அவன் வச்சதெல்லாம் போயிடும். வைஃபை பேரும் போயிடும்."

அந்தப் பேர் 'நம்ம வூடு'. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாதென்று தமிழில் வைத்திருந்தான். அவள் தன் போனில் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே பேர திரும்ப வச்சித் தரேங்கா."

"அது நீ வச்சதுடா."

மகள் சொன்னாள்: "வுடு மாமா. நான் வெளிய போயி படிச்சிக்கறேன்."

"எங்கடி போவ, கரும்புக் கொல்லைக்கா?" அக்கா புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். "எங்க அமுக்கணும், காட்டுடா."

ரவுட்டரின் பின்னாலிருந்த சின்ன ஓட்டையைக் காட்டினேன். ஊக்கு முனையை விட்டு அழுத்திக்கொண்டு நின்றாள். விளக்குகள் மொத்தமாக அணைந்தன. அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை.

"போதும்க்கா."

விளக்குகள் திரும்ப எரிந்ததும் பழைய பேரையே வைத்தேன். வைஃபைக்குப் பழைய பாஸ்வேர்டு மகளுக்குத் தெரியும், அதையே போட்டேன். யாரும் தொடாமலே அக்காவின் போன் அதில் போய்ச் சேர்ந்துகொண்டது.

"பாரு, வச்சது நீயின்னு இதுக்குத் தெரியல" என்றாள் அக்கா.

மகள் உள்ளே போய்க் கிளாஸைத் திறந்தாள். யாரோ ஒரு வாத்தியார் வட்டிக் கணக்கு சொல்லும் சத்தம் கேட்டது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.