நன்றாக இருந்தது என்று சொன்னேன்

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில், எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் செக் நாட்டு ஒப்பெராப் பாடகி ஒருவர் குடியிருந்தார். முழு வாத்தியக் குழுவையும் தாண்டி, ஒலிவாங்கி இல்லாமல், கடைசி வரிசைவரை போகும், சோப்ரானோ என்னும் கனத்த உச்சஸ்தாயிக் குரல் அவருடையது. சோவியத் தாங்கிகள் பிராக்கில் நுழைந்ததற்கு மறுவருடம், சுகவீனமுற்ற ஒருவருக்குப் பதிலாகப் பாட ஒஸ்லோ வந்தவர், இங்கே வாத்தியக் குழுவில் கொம்பு வாசித்த ஒருவரை மணந்து தங்கிவிட்டார். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நான் அவரை அறிந்தபோது கணவர் உயிரோடில்லை.

நான் பஸ் ஓட்டுகிறவன். ஓய்வு நாட்களில் நூலகத்தில் பழைய பத்திரிகைகள் படிப்பேன். அவர் எந்தப் பாத்திரத்தை எந்த மாதம் முதலில் பாடினார், எந்த ஊரில் காய்ச்சலால் மேடையேறவில்லை என்றெல்லாம் தேடி ஒழுங்குபடுத்தினேன். தமிழ்ச் சஞ்சிகைக்கு அவரைப் பற்றி எழுதுவது என் திட்டம். ஒருமுறை அவர் சொன்ன வருடத்தைத் திருத்தினேன். அவர் பழைய நிகழ்ச்சிப் பிரசுரம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னைவிட உனக்கு என்னை நன்றாகத் தெரிகிறது" என்றார். நாங்கள் கதைத்தது, இருவருக்குமே சொந்தமில்லாத நோர்வேஜிய மொழியில். அந்தப் பாராட்டை நான் பல நாட்கள் அனுபவித்தேன். அவருடைய இசைத்தட்டு ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு வசந்தத்தில், ஈஸ்டர் ஆராதனையில் தனியாக ஒரு பாட்டுப் பாடும்படி பக்கத்துத் தேவாலயத்தில் அவரைக் கேட்டிருந்தார்கள். பல வருடங்களாக அவர் வெளியில் பாடியதில்லை. காதில் கேட்கும் கருவி வைத்த பிறகு, தன் குரல் தனக்கே சரியாகக் கேட்பதில்லை என்றார்.

"முன்பு என் கணவர் கேட்டுச் சொல்வார். ஒத்திகைக்கு நீ வா. குரல் போய்விட்டதென்றால் போய்விட்டது என்று சொல். நான் பாடமாட்டேன்."

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள்.

"உங்களுக்குப் பாட்டைப் பற்றி என்னப்பா தெரியும்? தேவாரத்துக்கே நித்திரை கொள்ளுற ஆள்."

"அவ கேக்கிறா. மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"தெரியாதெண்டு சொல்லுங்கோ. அதுக்கென்ன காசே?"

நான் போனேன். வெறுமையான தேவாலயத்தில் பின்வரிசை வாங்கில் இருந்தேன். அவர் பாடினார். சத்தம் பெரிதாக இருந்தது. அது சுருதியில் நின்றதா, விலகியதா, எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்தார். எங்கள் நிகழ்ச்சிகளில் பொன்னாடை போர்த்தும்போது எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன்.

"மிக நன்றாக இருந்தது. பழைய குரல் அப்படியே இருக்கிறது."

பழைய குரலை நான் எங்கே கேட்டேன்?

ஈஸ்டர் அன்று தேவாலயம் நிறைந்திருந்தது. அவர் கறுப்புச் சட்டையில் நிமிர்ந்து நின்று தொடங்கினார். அன்றும் என் காதுகளுக்கு எதுவும் விளங்கவில்லை, முகங்களில்தான் வாசித்தேன். பாடகர் குழுப் பெண்கள் தாள்களுக்குள் குனிந்தார்கள். ஓர்கன் வாசித்தவர் ஓரிடத்தில் அவருக்காகக் காத்திருந்தார், பிறகு அவரை விட்டுவிட்டு முன்னே போனார். எனக்குப் பின்னால் ஒரு கிழவி "ஸ்டாக்கர்ஸ்" என்றாள். பாவம் என்று அர்த்தம்.

வெளியே வந்து வீட்டுக்கு நடந்தோம். உருகிய பனிக்குக் கீழிருந்து குளிர்காலத்தில் தெருவில் கொட்டிய சல்லிக்கற்கள் தெரிந்தன. வழுக்காமலிருக்க அவர் என் கையைப் பிடித்திருந்தார்.

"ஒத்திகையிலும் இப்படித்தானா?" என்றார்.

"எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பாட்டுக் கேட்கத் தெரியாது."

அவர் நின்றார். "அப்படியானால் ஏன் சொன்னாய்?"

"எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"பிராக்கில் அப்படிப் புகழ்வதற்குச் சம்பளம் கொடுத்தே ஆள் வைப்பார்கள்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் கையையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மின்தூக்கியில் அவரே மறுபடி கதைத்தார். "இதையும் எழுதுவாயா?"

"வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்."

"விடாதே. கடைசியாகப் பாடிய நாள் இதுதான். திகதியை நீ எழுது. எப்படிப் பாடினேன் என்பதை, கேட்கத் தெரிந்த யாரிடமாவது விசாரித்து எழுது."

அந்தப் பாடகர் குழுப் பெண்களில் இருவர் எங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். கடையில் அடிக்கடி காண்கிறேன், இன்னும் விசாரிக்கவில்லை. கண்டதும் பால் அலமாரிப் பக்கம் திரும்பி, பெட்டிகளில் அச்சிட்ட திகதிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவர்கள் போகும்வரை.