மூன்று மூட்டை இலை

அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில், வலை போட்டு மூடிய வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கு அவள்தான் பொறுப்பு. பதினோரு வருடமாக அங்கே அவளுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை என்று கணவர் சத்தியம் செய்வார். இங்கே யாரும் நம்புவதில்லை. கோபத்தைச் சீருடையோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது.

அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. வெளியேறும் எவரும் கதவருகே உள்ள ஆளுயரக் கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். உடுப்பில் பூச்சி ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. ஒரு மந்திரியையே சுற்ற வைத்தவள்.

அன்று காலை செடிகளெல்லாம் சலூனுக்குப் போய் வந்தாற்போல் நின்றன. அரித்த இலை ஒன்றுகூட இல்லை. கதவோரம் மூன்று மூட்டை. பள்ளிக் குழந்தைகள் வருகிறார்கள், தோட்டம் லட்சணமாக இருக்க வேண்டாமா என்று புது மேலாளர் முந்தின மாலையே ஆள் விட்டு ஓட்டை இலைகளைப் பறித்து மூட்டை கட்டியிருந்தார். ஓட்டை போட்டவர்கள் அந்த இலைகளுக்கு அடியிலேயே குடியிருந்தார்கள் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. பதினோரு மணிக்குக் குப்பை வண்டி வரும். புழுக்கள் அதில் போனால், மூன்று வாரத்தில் தோட்டத்தில் பறக்க ஒன்றும் இருக்காது.

“பட்டாம்பூச்சி வேணுமாம், புழு மட்டும் வேண்டாமாம்!” என்று அவள் செடிகளிடம் கத்திக்கொண்டிருந்தபோது குழந்தைகள் டீச்சரோடு வந்து சேர்ந்தார்கள். இருபத்திரண்டு பேர், எல்லாருக்கும் ஐந்து வயது. பஞ்சடைத்த புலி, திமிங்கல எலும்பு எல்லாம் பார்த்து, ஒன்பது மணியிலிருந்து ‘தொடாதே’ என்ற ஒரே சொல்லைக் கேட்டு நொந்து போயிருந்தவர்கள்.

“டீச்சர், இதுங்களுக்கு எண்ணத் தெரியுமா?”

“நூறு வரைக்கும் தெரியும். நடுவுல எழுபதை விட்டுடுவாங்க.”

“அப்ப நீங்க எண்ணுங்க. ஏய், எல்லாரும் கேளுங்க! இங்க கத்தறதுக்கு நான் ஒருத்தி போதும். மூட்டையைக் கொட்டறேன். ஒவ்வொரு இலையா திருப்பிப் பாருங்க. புழு இருந்தா இலையோட தட்டுல வைங்க. புழுவைப் பிடிச்சு இழுத்தா, நான் காதைப் பிடிச்சு இழுப்பேன்.”

“கடிக்குமா ஆன்ட்டி?”

“அது கடிக்காது. நான் கடிப்பேன்.”

குழந்தைகளுக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போனது.

இரண்டு மூட்டை முடிந்த நேரத்தில் மேலாளர் நுழைந்தார். “என்னம்மா இது? குழந்தைங்களைக் குப்பையைக் கிளற விட்டிருக்கீங்க!”

“குப்பையா? அடுத்த மாசம் டிக்கெட் எடுத்து வர்றவங்களுக்கு எதைக் காட்டுவீங்க, உங்க மூஞ்சியையா?”

டீச்சர் தலைக்கு மேலிருந்த வலையை அக்கறையாக ஆராய்ந்தார்.

“இதை மேலிடத்துக்கு எழுதுவேன்.”

“எழுதுங்க. இலையைப் பறிக்கச் சொன்னது யாருன்னும் சேர்த்து எழுதுங்க.”

அவர் மூன்றாவது மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்தார். இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். “இது இன்னும் பாக்கல, அங்கிள்.”

அவளை இறக்க அவருக்கு வழி தெரியவில்லை. விட்டுவிட்டு, கசங்கிய சட்டையோடு ஓரமாக நின்றார். பத்து ஐம்பதுக்கு அந்த மூட்டையும் காலி. டீச்சர் கணக்குப்படி அறுபத்தொன்று.

மேலாளர் விறுவிறுவென்று கதவுக்குப் போனார்.

“சார், கண்ணாடி.”

“நான் இங்க மேனேஜர்மா!”

“சுத்துங்க.”

“சுத்துங்க, சுத்துங்க!” என்றன இருபத்திரண்டு வாய்கள்.

சுற்றினார். வலது முழங்கைக்குப் பின்னால், சுண்டுவிரல் பருமனில் பச்சையாக ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“அசையாதீங்க.”

அவள் ஒரு இலையை நீட்டினாள். புழு அவசரப்படவில்லை. மேலாளர் கையைத் தூக்கியபடி மூச்சடக்கி நின்றார். வெளியே குப்பை வண்டி ஹாரன் அடித்தது.

“அறுபத்திரண்டு,” என்றாள் பின்னல்காரி.

“நாளைக்கும் இலையில ஓட்டை இருக்கும் சார்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டே சொல்லி, பட்டாசு அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.